கிணற்று மேட்டுக் குழியும் மூன்று டைனோசர் புத்தகங்களும்

வாசகர் கேள்வி: கோபிசெட்டிப்பாளையம் பக்கத்தில் தோட்டத்தில் குடியிருக்கிறேன். மகள் திருப்பூரில் இருக்கிறாள். அவள் மகனுக்கு எட்டு வயது. பள்ளிக்கூடம் லீவு விட்டால் இங்கே வந்துவிடுவான். இரண்டு வருடமாக டைனோசரைத் தவிர வேறு பேச்சே கிடையாது. போன ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவில் அவனுக்காக மூன்று டைனோசர் புத்தகம் வாங்கினேன். ஒன்றைப் புரட்டிவிட்டு, "அப்புச்சி, இது பொய்ப் புத்தகம்" என்று திண்ணையில் போட்டுவிட்டான். இன்னொன்று வழவழ தாளில் படம் படமாக இருக்கிறது. ஒரே நாளில் பார்த்து முடித்தான், மறுபடி தொடவில்லை. மூன்றாவது ஆங்கிலம். அதைத்தான் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறான். ஆனால் எனக்கு அதைப் படித்துச் சொல்லத் தெரியவில்லை. எதைப் பார்த்து வாங்குவது? அப்புறம், எலும்பு தேடுகிறேன் என்று கிணற்று மேட்டில் குழி பறிக்கிறான். ஏதாவது கிடைக்குமா? மாப்பிள்ளை வேறு, "இதைப் படிச்சு என்னங்க மாமா ஆகப் போகுது" என்கிறார்.

பதில்:

அன்புள்ள ஐயா,

திண்ணையில் கிடக்கும் அந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அதற்கு ஒரு வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

நானும் உங்கள் பக்கத்துக்காரிதான். சொந்த ஊர் பவானி. முப்பது வருடம் கல்லூரியில் நிலவியல் நடத்தினேன். அதில் எனக்குப் பிடித்த வகுப்பு தொல்லுயிரியல், அதாவது கல்லில் தங்கிய பழங்கால உயிர்களைப் பற்றிய படிப்பு. கல்லூரிக்கு வந்த பிள்ளைகளைவிட, அவர்களுடைய தம்பி தங்கைகள் கேட்ட டைனோசர் கேள்விகளுக்குப் பதில் சொல்லத்தான் நான் அதிகம் சிரமப்பட்டிருக்கிறேன். எட்டு வயதுக்காரனை ஏமாற்ற முடியாது. உங்கள் பேரன் ஏன் பொய்ப் புத்தகம் என்றான் என்று நீங்கள் எழுதவில்லை. அவனையே கேட்டுப் பாருங்கள். எனக்கு இரண்டு மூன்று ஊகம் உண்டு.

டைனோசர் பக்கத்தில் ஈட்டியோடு குகை மனிதன் நின்றிருக்கலாம். பறவை இனத்தைத் தவிர்த்து மற்ற டைனோசர்கள் அழிந்து 6.6 கோடி வருடம் ஆகிறது. நம்மைப் போன்ற மனிதர் வந்து சுமார் மூன்று லட்சம் வருடம்தான். இல்லையென்றால், தோல் இறக்கையோடு பறக்கும் டெரோசாரையும் கடலில் நீந்தும் நீளக் கழுத்து பிளீசியோசாரையும் டைனோசர் என்று போட்டிருக்கலாம். இரண்டும் டைனோசர் கிடையாது. முதுகில் பாய்மரம் விரித்த டைமெட்ரோடான் இருக்கிறதே, அதுவும் கிடையாது. டைனோசர்கள் தோன்றுவதற்கு நாலைந்து கோடி வருடம் முன்பே அது போய்ச் சேர்ந்துவிட்டது. பல்லியைவிட நமக்குத்தான் அது நெருங்கிய சொந்தம். பிளாஸ்டிக் பொம்மைப் பை ஒன்று வாங்கினால் அதில் கட்டாயம் ஒரு டைமெட்ரோடான் இருக்கும்.

மூன்றாவது ஊகம், ஸ்டெகோசாரஸும் டைரனோசாரஸ் ரெக்ஸும் சண்டை போடுகிற படம். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் முதுகில் தட்டுத் தட்டாக வைத்திருக்கும் அந்த ஸ்டெகோசாரஸ் வாழ்ந்தது சுமார் 15 கோடி வருடம் முன்பு. டி. ரெக்ஸ் வந்தது 6.8 கோடி வருடம் முன்பு. இரண்டுக்கும் நடுவே எட்டுக் கோடி வருடம். நமக்கும் டி. ரெக்ஸுக்கும் இருக்கிற இடைவெளிகூட அவ்வளவு இல்லை. இதை மட்டும் பேரனிடம் சொல்லிப் பாருங்கள். அவனுக்கு முன்பே தெரிந்திருந்தால், அப்புச்சிக்கும் தெரிகிறதே என்று ஒரு மரியாதை வரும்.

சரி, புத்தகத்துக்கு வருகிறேன். அந்த வழவழ தாள் புத்தகம் ஏன் ஒரு நாளில் தீர்ந்துபோனது? பார்க்காமலே சொல்கிறேன். பக்கத்துக்கு ஒரு விலங்கு, பெயர், நீளம் 12 மீட்டர், எடை 8 டன், உணவு மாமிசம். அடுத்த பக்கம் அடுத்த விலங்கு. ரேஷன் கார்டு மாதிரி. இந்த விவரங்களைப் பிள்ளைகள் உருப்போட்டுவிடுவார்கள், அத்தோடு புத்தகத்தில் வேறு சரக்கு இருக்காது. நான் ஒரு புத்தகத்தை எடுத்தால் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: இதெல்லாம் எப்படித் தெரியவந்தது என்று எங்காவது சொல்லியிருக்கிறதா? எட்டு டன் என்றால் யார் தராசில் வைத்து நிறுத்தது? எலும்பு மட்டும்தானே கிடைத்தது, எடை எப்படி வந்தது? தொடை எலும்பின் சுற்றளவை வைத்து, இன்றைக்கு இருக்கும் விலங்குகளின் எலும்போடு ஒப்பிட்டுக் கணக்குப் போடுகிறார்கள் என்று ஒரு வரி இருந்தால்கூட அந்தப் புத்தகத்துக்கு நான் காசு கொடுப்பேன்.

நம் மாநிலத்துக் கதையே இதற்குப் போதும். அரியலூர் மாவட்டத்தில் கல்லமேடு என்று ஓர் ஊர். அங்கே கிடைத்த சில பெரிய எலும்புகளை வைத்து 1987-ல் ஒரு டைனோசருக்குப் பெயர் வைத்தார்கள்: புருஹத்காயோசாரஸ். பிருகத்காயம் என்றால் பேருடல். வைத்தவர்கள் யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு நிலவியலாளர்கள். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டும் இரண்டு மீட்டர். உங்கள் வீட்டு நிலைப்படியில் நிமிர்த்தி வைத்தால் மேல் சட்டத்தில் முட்டும். முதலில் இதை மாமிசம் தின்னும் விலங்கு என்று எழுதினார்கள். பிறகு பார்த்தவர்கள், இல்லை, நீளக் கழுத்துள்ள தழை தின்னி என்றார்கள். அது எலும்பே இல்லை, கல்லாகிப்போன மரம் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. எடுத்துப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாமே என்றால் எலும்பு இல்லை. அந்த மண்ணில் கிடைத்த எலும்பு ஏற்கெனவே நொறுநொறுப்பானது, மழைக்கால ஈரத்தில் உதிர்ந்து போய்விட்டது. கோடிக்கணக்கான வருடம் மண்ணுக்குள் கிடந்தது, வெளியே எடுத்த பிறகு தங்கவில்லை. மிஞ்சியது வரைபடமும் சில புகைப்படமும் அளவுகளும்தான்.

இப்போது இரண்டு புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில், "உலகிலேயே மிகப் பெரிய டைனோசர் நம் தமிழ்நாட்டில் வாழ்ந்தது!" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. இன்னொன்றில், மேலே நான் சொன்ன கதை இருக்கிறது. முதல் புத்தகத்தைப் படித்தால் பெருமையாக இருக்கும். இரண்டாவதைப் படித்த பையன், எலும்பை எடுத்ததும் மாவுக்கட்டுப் போடுவது எப்படி, ஈரம் படாமல் காப்பது எப்படி என்று கேட்பான். இரண்டாவதை வாங்குங்கள். நம் ஊர்ப் பெருமைக்காகச் சொல்வதாக இருந்தாலும் பொய் பொய்தான்.

அதே அரியலூர்ப் பக்கம் 1979-ல் திராவிடோசாரஸ் என்று ஒன்றுக்குப் பெயர் வைத்தார்கள். ஸ்டெகோசாரஸ் குடும்பம் என்றார்கள். பிற்பாடு, அது கடலில் நீந்திய பிளீசியோசார் வகை என்று வேறொருவர் வாதாடினார். பெயர் என்னவோ நமக்குக் கேட்க இனிக்கிறது. எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லும்போது "இதில் சண்டை இன்னும் இருக்கிறது" என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு அந்தச் சண்டை ரொம்பப் பிடிக்கும்.

தப்பை ஒத்துக்கொள்கிற புத்தகம் நல்ல புத்தகம் என்று என் மாணவர்களிடம் சொல்வேன். ஓவிராப்டர் என்று ஒன்று, பெயருக்கு அர்த்தமே முட்டைத் திருடி. 1920-களில் மங்கோலியாவில் ஒரு முட்டைக் குவியல் மேலே அதன் எலும்புக்கூடு கிடந்தது. வேறொன்றின் முட்டையைத் திருட வந்த இடத்தில் செத்தது என்று முடிவு கட்டி, 1924-ல் அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். 1993-ல் அதே மாதிரி முட்டை ஒன்றுக்குள் கருவைப் பார்த்தால், அது ஓவிராப்டர் குடும்பத்துக் குஞ்சு. பாவம், தன் முட்டையோடு கிடந்த பிராணிக்குத் திருட்டுப் பட்டம். விதிப்படி பெயரை மாற்றவும் முடியாது. இக்வானோடான் என்ற டைனோசருக்கும் இப்படித்தான் ஆனது. கட்டைவிரல் முள்ளைத் தூக்கி மூக்கில் கொம்பாக வைத்துப் படம் வரைந்திருந்தார்கள். 1878-ல் பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் முழு எலும்புக்கூடுகள் வந்த பிறகுதான் அது கைக்கு இறங்கியது.

இனி, கடையில் நின்றுகொண்டு ஐந்து நிமிடத்தில் பார்க்க வேண்டியது. புத்தகத் திருவிழாக் கூட்டத்தில் யாரும் முழுதாகப் படித்துப் பார்க்க முடியாது, தெரியும். அட்டையைத் திருப்பி, எந்த வருடம் எழுதியது என்று பாருங்கள். மறுபதிப்பு வருடத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். முதல் பதிப்பு எப்போது, திருத்தியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். 1996-ல் சீனாவில் இறகுத் தூவி போர்த்திய சைனோசாராப்டெரிக்ஸ் கிடைத்த பிறகு டைனோசர் படமே மாறிப்போய்விட்டது. அதற்கு முந்தைய புத்தகம் என்றால் அது சரித்திரம். படிக்கலாம், ஆனால் சரித்திரம் என்று தெரிந்து படிக்க வேண்டும்.

அடுத்து படங்கள். டி. ரெக்ஸ் கங்காரு மாதிரி நிமிர்ந்து நின்று வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு போகிறதா? கீழே வைத்துவிடுங்கள். உடம்பு தரைக்குப் படுக்கைவசத்தில் இருக்க வேண்டும், வால் பின்னால் தூக்கி நிற்க வேண்டும். ஏற்றப்பலகை மாதிரி, முன்பக்கப் பாரத்துக்குப் பின்பக்க வால் சரிக்கட்டும். அப்புறம் கையைப் பாருங்கள். மாமிசம் தின்னும் டைனோசர்களின் உள்ளங்கை ஒன்றையொன்று பார்த்தபடி, நாம் கை தட்டப் போகிற மாதிரி இருக்க வேண்டும். முயல் மாதிரி உள்ளங்கை தரையைப் பார்த்துத் தொங்கினால் வரைந்தவருக்கு எலும்பு தெரியவில்லை. வெலாசிராப்டர் படம் இருந்தால் இறகு இருக்கிறதா என்று பாருங்கள். அதன் முன்கை எலும்பில் இறகு பொருந்திய புடைப்புகள் இருப்பதை 2007-ல் காட்டிவிட்டார்கள். ஆளும் நம் வான்கோழி அளவுதான். சினிமாவில் பார்த்த ஆள் உயர வெலாசிராப்டரை நம்பிக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு இது ஒரு ஏமாற்றம்தான், என்ன செய்வது.

ஸ்பைனோசாரஸ் பக்கத்தையும் புரட்டுங்கள். 1915-ல் எகிப்து எலும்பை வைத்துப் பெயர் வைத்தது. அந்த எலும்புகள் மியூனிக் நகரத்து அருங்காட்சியகத்தில் இருந்து, 1944-ல் குண்டு விழுந்து அழிந்துபோயின. பிறகு மொராக்கோவில் கிடைத்தவற்றை வைத்து, துடுப்பு மாதிரி அகலமான வால் இருந்தது என்று 2020-ல் எழுதினார்கள். வால் எப்படி வரைந்திருக்கிறது என்று பார்த்தால் புத்தகத்தின் வயது தெரிந்துபோகும், மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி.

கடைசிப் பக்கத்தில் படம் வரைந்தவர் பெயர் இருக்கிறதா, எந்த விஞ்ஞானி சரி பார்த்தார் என்று போட்டிருக்கிறதா என்பதும் முக்கியம். பெயரே போடாமல் எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய படங்கள் நிறைய வருகின்றன. ஒரே டைனோசர் நான்காம் பக்கத்தில் இறகோடும் பத்தாம் பக்கத்தில் மொட்டைத் தோலோடும் நிற்கும்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலான டைனோசரின் நிறம் ஓவியரின் கற்பனை, அதில் தப்பில்லை. ஆனால் சிலவற்றுக்குத் தெரியும். சைனோசாராப்டெரிக்ஸின் வாலில் செம்பழுப்பும் வெள்ளையுமாகப் பட்டை இருந்தது என்று, இறகில் தங்கிய நிறத் துகள்களின் வடிவத்தை வைத்து 2010-ல் கண்டுபிடித்தார்கள். எது தெரிந்த நிறம், எது கற்பனை நிறம் என்று பிரித்துச் சொல்கிற புத்தகம் கிடைத்தால் விலை பார்க்காதீர்கள்.

இன்னொரு விஷயம் பேரனுக்கு ரொம்பப் பிடிக்கும்: சாணி. மகாராஷ்டிரத்தில் பிஸ்துரா என்ற இடத்தில் கல்லாகிப்போன டைனோசர் சாணி கிடைக்கிறது. புல்லின் உடம்புக்குள் உருவாகும் மணல் போன்ற நுண்ணிய துகள் அதற்குள் இருந்ததை 2005-ல் வெளியிட்டார்கள். டைனோசர் காலத்தில் புல்லே கிடையாது என்றுதான் அதுவரை பாடம். நம் நாட்டுச் சாணி அந்தப் பாடத்தை மாற்றியது. அதற்காக ஸ்டெகோசாரஸ் பச்சைப் புல்தரையில் நிற்கும் படத்தை ஒத்துக்கொள்ள முடியாது. அதன் காலம் வேறு. சாணியைப் பற்றி ஒரு பக்கமாவது இருக்கிற புத்தகத்தில் பெரும்பாலும் மற்றதும் சரியாகவே இருக்கும். இது என் அனுபவம், விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

புத்தகத்தில் எலும்புக்கூட்டின் படம் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள், அது கட்டாயம் வேண்டும். ஏனென்றால் அதை ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் வீட்டிலேயே ஒரு டைனோசர் இருக்கிறது. பறவைகள் டைனோசர் வம்சம். இது உவமை இல்லை, வகைப்பாடே அப்படித்தான். நாமக்கல் பண்ணைகளில் எத்தனை டைனோசர் என்று பேரனைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை நாட்டுக்கோழி அடித்தால், பள்ளிபாளையம் சிக்கனுக்கு வெட்டுகிற மாதிரி பொடிப்பொடியாக நறுக்க வேண்டாம் என்று வீட்டம்மாவிடம் சொல்லிவிடுங்கள். காலும் நெஞ்சும் முழுதாகக் குழம்பில் வேகட்டும். சாப்பிட்டு முடித்த எலும்பைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, நிழலில் காயவைக்க வேண்டும். நாய்க்குப் போய்விடாமல் ஒருவர் காவல்.

காய்ந்த பிறகு பாருங்கள். கழுத்து முடிகிற இடத்தில் கவட்டை மாதிரி ஒரு எலும்பு இருக்கும், பிள்ளைகள் இரண்டு பக்கமும் பிடித்து ஒடிப்பார்கள். அதே கவட்டை டி. ரெக்ஸுக்கும் உண்டு. தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் எப்படிச் சேர்கின்றன, முன்னால் மூன்று விரல் எப்படி விரிகிறது என்று புத்தகத்துப் படத்தோடு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காலில் இருக்கும் செதில் தோலையும் காட்டுங்கள். ஒரு நோட்டில் அவனே வரையட்டும். என்னிடம் படித்த பிள்ளைகளில் எலும்பை நன்றாக வரையத் தெரிந்தவர்கள், பெரும்பாலும் கறிக்கடையில் நின்று பழகியவர்கள். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை.

தமிழா ஆங்கிலமா என்பது உங்களை அரிக்கிற கேள்வி என்று தெரிகிறது. தமிழில் இந்த வயதுக்கு, இப்போதைய விவரத்தோடு, நல்ல படத்தோடு வருகிற டைனோசர் புத்தகம் குறைவுதான். மொழிபெயர்ப்புகள் பலவற்றில் வாக்கியம் பல்லுடைக்கும். வாங்குமுன் ஒரு பத்தியை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். உங்களுக்கே மூச்சு முட்டினால் அவனுக்கு எங்கே ஓடும்? ஆகவே படத்துக்கும் விவரத்துக்கும் ஆங்கிலப் புத்தகம் ஒன்று இருக்கட்டும், வெட்கப்படத் தேவையில்லை. உங்களுக்குப் படித்துச் சொல்லத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருப்பிப் போடுங்கள். "எனக்கு இங்கிலீஷ் தெரியாதுடா கண்ணு, இந்தப் படத்துல என்ன நடக்குதுன்னு நீ சொல்லு" என்று கேளுங்கள். அவன் தப்பும் தவறுமாகத் தமிழில் சொல்லுவான். சொல்லும்போதுதான் தனக்கு எது புரியவில்லை என்று அவனுக்கே தெரியும். பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்கிற இடத்தில் எப்போதும் வாத்தியார்தான் இருக்கிறார். விடை தெரியாமல் கேட்கிற பெரிய மனிதர் அவனுக்கு நீங்கள் ஒருவர்தான்.

நீளமான பெயர்களைக் கண்டு பயப்பட வேண்டாம், உடைத்துப் பார்த்தால் நம் பட்டப்பெயர் மாதிரிதான். ட்ரைசெராடாப்ஸ் என்றால் மூன்று கொம்பு முகம். ஸ்டெகோசாரஸ் என்றால் கூரைப் பல்லி, தட்டுகள் ஓடு வேய்ந்த மாதிரி முதுகில் படுத்துக் கிடந்தன என்று முதலில் நினைத்ததால் வந்த பெயர். டைனோசர் என்ற சொல்லே 1842-ல் ரிச்சர்ட் ஓவன் வைத்தது, பயங்கரப் பல்லி என்று பொருள். பல்லி இனம் இல்லை என்பது வேறு விஷயம். பெயருக்குப் பொருள் சொல்கிற புத்தகமாகப் பாருங்கள். பேரன் உங்கள் வீட்டு எருமைக்கும் ஒரு பெயர் வைப்பான்.

வெளிநாட்டுப் புத்தகங்களில் ஒரு குறை, இந்தியா அநேகமாக இருக்காது. அதை நீங்கள் வாய்க்கதையாக நிரப்பலாம். ஜபல்பூரில் 1828-லேயே ஸ்லீமன் என்ற ஆங்கில அதிகாரி டைனோசர் எலும்பை எடுத்துவிட்டார். டைனோசர் என்ற சொல் பிறப்பதற்கு முன்பே. கோதாவரிப் பள்ளத்தாக்கில் கிடைத்த பாராபாசாரஸுக்கு, பெரிய கால் என்ற வங்காளிப் பேச்சை முன்னாலும் தாகூரின் பெயரைப் பின்னாலும் வைத்து 1975-ல் பெயர் சூட்டினார்கள். தோண்டத் தொடங்கியது தாகூரின் நூற்றாண்டு வருடம். அந்த எலும்புக்கூடு கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் நிற்கிறது. அதே பள்ளத்தாக்கின் கோட்டாசாரஸ் ஹைதராபாத் பிர்லா அறிவியல் மையத்தில் நிற்கிறது, நமக்கு அதுதான் பக்கம். குஜராத்தில் கிடைத்த ராஜாசாரஸுக்கு நெற்றியில் குட்டையாக ஒரு கொம்பு, பெயர் வைத்தது 2003-ல். மத்தியப் பிரதேசத்துத் தார் மாவட்டத்தில் 92 கூடுகளும் 256 முட்டைகளும் இருப்பதாக 2023-ல் வெளியிட்டார்கள். முட்டையின் குறுக்களவு பதினைந்து, பதினேழு சென்டிமீட்டர்தான். யானையைவிடப் பெரிதாக வளர்ந்த விலங்கு அவ்வளவு சின்ன முட்டையிலிருந்தா என்று பேரன் கேட்பான். எலும்பைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் மரத்தில் இருப்பது போல வளர்ச்சிக் கோடு இருக்கும், அதை எண்ணி எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்று கணிப்பார்கள் என்று சொல்லுங்கள்.

எத்தனை புத்தகம் வாங்குவது? இரண்டு போதும். ஒன்று, எலும்புக்கூடும் கால வரிசையும் உள்ள கனமான ஆங்கிலப் படப்புத்தகம். இன்னொன்று, புதைபடிவம், அதாவது கல்லாகிப்போன உயிர்களின் எச்சம், எப்படி உண்டாகிறது, எப்படித் தோண்டி எடுக்கிறார்கள் என்று சொல்கிற சின்னப் புத்தகம். அது தமிழில் கிடைத்தால் ரொம்ப நல்லது. மீதியை நூலகத்தில் எடுத்துக்கொள்ளலாம். அவன் பெயரில் ஓர் உறுப்பினர் அட்டை போட்டுக் கொடுங்கள். அடுத்த ஆகஸ்டில் அவனையும் புத்தகத் திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கை தட்டுகிற உள்ளங்கை, வால், முதல் பதிப்பு வருடம் என்று அவனே பார்க்கட்டும். கடைக்காரர் கொஞ்சம் முகம் சுளிப்பார்.

முதலில் சொன்ன திண்ணைப் புத்தகத்தின் வேலை இதுதான். ஒரு பென்சிலைக் கொடுத்து, அதில் எத்தனை தப்பு என்று ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் "உனக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் நீங்கள் கேளுங்கள். யூடியூபில் பார்த்தேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

முடிந்தால் ஒரு முறை அரியலூர்ப் பக்கம் கூட்டிப் போங்கள். டைனோசர் எலும்பு காலில் இடறும் என்று மட்டும் ஆசை காட்ட வேண்டாம். அது கடல் இருந்த இடம். அங்கே சிமெண்ட் ஆலைகள் அத்தனை இருப்பதற்கும் அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக் கல்தான் காரணம். அம்மோனைட் என்ற பழங்கடல் பிராணியின் சுருள் சுருளான ஓடு, சிப்பி, சுறாப் பல் இவைதான் அதிகம். வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப்போன அடிமரம் கிடக்கிறது, அது பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம், சில்லுகூட எடுக்கக் கூடாது. திருச்சியில் ஓர் இரவு தங்கினால் நிதானமாகப் பார்க்கலாம். சித்திரை வெயிலில் போகாதீர்கள்.

மாப்பிள்ளைக்கு என்ன சொல்வது? பையனுக்கு எட்டு வயதுதானே என்று சொல்லுங்கள். அதற்கு மேலும் கேட்டால், இந்திய நிலவியல் ஆய்வுத் துறை 1851-லிருந்து ஆள் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது, லக்னோவில் பீர்பல் சகானி நிறுவனம் தொல்லுயிர் ஆராய்ச்சிக்கென்றே இருக்கிறது என்று சொல்லுங்கள். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்தவர்கள் எல்லோரும் எட்டு வயதில் பனியனைப் பற்றியா பேசிக்கொண்டிருந்தார்கள்?

குழி விஷயம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் தோட்டத்தில் டைனோசர் கிடைக்காது. நம் கொங்குப் பகுதியின் பாறை பெரும்பாலும் 250 கோடி வருடப் பழசு, பூமிக்குள் ஆழத்தில் வெந்து உருமாறியது. டைனோசர்கள் வந்தது சுமார் 23 கோடி வருடம் முன்புதான். அந்தப் பாறை உருவான காலத்தில் எலும்புள்ள எந்த உயிரும் கிடையாது. இதைச் சொன்னால் பேரன் முகம் வாடும். உடனே அடுத்ததையும் சொல்லிவிடுங்கள்: நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பாறை நிலாவின் பாறையை ஒத்தது. சந்திரயான்-2 இறங்கிப் பழக நிலா மண் மாதிரி தயார் பண்ண அங்கிருந்துதான் கல் போனது. காங்கேயம் பக்கம் சிவன்மலைப் பாறையும் நிலவியல்காரர்கள் தேடி வந்து பார்க்கிற அபூர்வ வகை. குழியில் வருகிற கல்லையெல்லாம் கழுவி, எண் போட்டு, எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்று அந்தக் கோழி நோட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். பானை ஓடோ மணியோ வந்தால் அது தொல்லுயிரியல் இல்லை, தொல்லியல். தொல்லியல் அகழாய்வு நடந்த கொடுமணல் நமக்கு அதிகத் தொலைவில் இல்லை, ஆகவே வரவும் கூடும். வந்தால் மேற்கொண்டு தோண்டாமல் நிறுத்திவிட்டு, ஈரோடு அருங்காட்சியகத்தில் காட்டுங்கள்.

மற்றபடி அவன் பறிக்கட்டும். கிணற்று மேட்டை விட்டு இருபது அடி தள்ளி, தென்னைக்குத் தண்ணீர் போகிற வாய்க்கால் இல்லாத பக்கமாக ஓர் இடத்தை அளந்து கொடுத்துவிடுங்கள்.